பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெற்றோல் ஹோஸ், பைப் மாற்றுதல்: தாங்கி முதல் இஞ்சின் வரை முழுமையான வழிகாட்டி

எம்.ஜி.பி., எம்.ஜி. மிட்ஜெட், டட்சன் 240இசட், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பில் இப்படிப்பட்ட கார்கள் குறைவு. இருப்பவை கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கின்றன. உப்புக்காற்று இரும்புப் பைப்பை வெளியிலிருந்து அரிக்கிறது, பெற்றோல் றப்பரை உள்ளிருந்து கெடுக்கிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் முதலில் நடக்கும்.

புதிதாக இந்த வேலையில் கைவைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். பொனற்றைத் திறந்ததும் கண்ணில் படும் ஹோஸை முதலில் கழற்றுவார்கள். அப்போது தாங்கியில் பெற்றோல் இருக்கும், பற்றரி இணைந்திருக்கும், வாங்கவேண்டிய சாமான் எதுவும் கையில் இராது. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒரு ஹோஸில் வெடிப்புக் கண்டால் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். எல்லாமே ஒரே வயது, ஒரே பெற்றோலில் ஊறியவை. ஒன்றை மட்டும் புதிதாக்கினால் அடுத்த பலவீனமான இடம் திறக்கும், அது அநேகமாகத் தாங்கிக்கு மேலே, கை எட்டாத இடமாக இருக்கும்.

1. உங்கள் கார் எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள்

காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள கார்களில் பெற்றோல் அழுத்தம் மிகக் குறைவு. எம்.ஜி.பி.யில் இருக்கும் எஸ்.யு. என்ற தயாரிப்பின் மின்பம்ப் தருவது ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு). எம்எக்ஸ்-5 போன்ற, பெற்றோலை அழுத்தத்தோடு பீச்சும் இன்ஜெக்ஷன் கார்களில் பொதுவாக 35 முதல் 50 பிஎஸ்ஐ வரை இருக்கும். காபரேற்றருக்கான ஹோஸை இன்ஜெக்ஷன் காரில் போட்டு அது விட்டுவிட்டால், பெற்றோல் சொட்டாது, பீச்சியடிக்கும். பக்கத்தில் சூடான எக்ஸோஸ்ட் இருக்கிறது.

அடுத்து, பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எம்.ஜி.பி.யில் அது பின்பக்கம் இருப்பதால் முன்னால் போகும் பைப் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும், ஓட்டை விழுந்தால் வெளியே கசியும். 240இசட்டில் பொறிமுறைப் பம்ப் இஞ்சினிலேயே இருக்கிறது. தாங்கியிலிருந்து வரும் நீண்ட பைப் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் சொட்டுக்கூடத் தெரியாமல் காற்று உள்ளே போகும். கார் வேகமெடுக்கும்போது மூச்சு முட்டும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும். இதைக் காபரேற்றர் கோளாறு என்று நினைத்து அதை இரண்டு மூன்று தரம் பிரித்துப் பூட்டுபவர்கள் பலர். சொட்டு இல்லை என்பதால் ஹோஸ் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள்.

2. எதையும் கழற்றுமுன் அளந்து வரைந்துகொள்ளுங்கள்

காரை உயர்த்தி, நான்கு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, கீழே படுத்துப் பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது.

தாங்கியிலிருந்து தொடங்கி இஞ்சின்வரை ஒவ்வொரு துண்டையும் தாளில் வரைந்து இலக்கமிடுங்கள். பெற்றோல் போகும் வழி ஒன்று. பல கார்களில் மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் வழி இன்னொன்று. இவை தவிர ஆவி போகும் சிறிய ஹோஸ்களும், பெற்றோல் ஊற்றும் கழுத்தின் தடித்த ஹோஸும் உண்டு. கடைசி இரண்டையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 240இசட்டில் ஆவிக்கான சிறிய தாங்கியும் அதன் ஹோஸ்களும் பின்பக்க உட்தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். காருக்குள்ளே பெற்றோல் மணக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அது.

ஒவ்வொரு துண்டின் நீளம், அது ஏறியிருக்கும் இரும்புப் பைப்பின் வெளிவிட்டம் இரண்டையும் குறியுங்கள். பழைய ஹோஸின் விட்டத்தை அளக்காதீர்கள், அது ஊதியோ சுருங்கியோ இருக்கும். பிரித்தானியக் கார்களில் பைப் அங்குலக் கணக்கு, ஜப்பான் கார்களில் மில்லிமீற்றர். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. ஹோஸை முரட்டுத்தனமாக ஏற்றினால் உட்சுவர் கிழியும், 7 மி.மீ. போட்டால் கிளிப் இறுகும்போது மடிந்து கசியும். 5/16 அங்குலம் 7.9 மி.மீ. என்பதால் 8 மி.மீ. ஹோஸ் அங்கே சரியாக இருக்கும்.

இந்தப் படிக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். அளக்காமல் கழற்றிவிட்டுக் கடைக்கு ஓடுபவரின் கார் பைப்புகள் திறந்தபடி வாரக்கணக்கில் நிற்கும். திறந்த பைப்புக்குள் ஈரம் போய்த் துருப்பிடிக்கும். எங்கள் பக்கம் குளவியும் மண் வைத்து அடைத்துவிடும்.

3. சாமான் வாங்குதல்

ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் தரக்குறியைப் படியுங்கள். எஸ்.ஏ.ஈ. (அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம்) தரக்குறியான ஜே30 ஆர்7 என்பது காபரேற்றர் கார்களுக்கானது, 50 பிஎஸ்ஐ வரை. ஆர்9 இன்ஜெக்ஷனுக்கானது, 100 பிஎஸ்ஐ வரை. ஆர்9 ஹோஸின் உட்சுவரில் புளோரோ றப்பர் படலம் இருப்பதால் பெற்றோல் ஊறிக் கசிவது மிகக் குறைவு, ஆயுளும் கூட. காபரேற்றர் காராக இருந்தாலும் நான் ஆர்9 தான் போடச் சொல்வேன். விலை வித்தியாசத்தைவிடத் திரும்பவும் காரைத் தூக்கிக் கீழே படுக்கும் வேலை பெரிது.

தாங்கிக்கு உள்ளே பம்ப் இருக்கும் கார்களில், உள்ளே பெற்றோலில் மூழ்கியிருக்கும் சிறு துண்டுக்கு ஆர்10 வேண்டும். ஆர்9 ஹோஸின் உட்பக்கம்தான் பெற்றோலைத் தாங்கும். அதைத் தாங்கிக்குள் போட்டால் வெளித்தோல் கரைந்து, துகள் துகளாகப் பம்பையும் பில்டரையும் அடைக்கும்.

கடையில் ஹோஸின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உட்படலம், நூற்பின்னல், வெளித்தோல் மூன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும். விரலில் வளைத்துப் பாருங்கள். வெளித்தோலில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அது வருடக்கணக்கில் கடையில் கிடந்த சரக்கு, விட்டுவிடுங்கள். மட்டக்களப்பு நகரில் கிடைக்காத அளவு கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அளவைத் தாளில் எழுதி அனுப்பி, தேவையைவிட ஒரு மீற்றர் கூடுதலாக எடுங்கள்.

எதை வாங்கக்கூடாது என்பதும் முக்கியம். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்ரிக் குழாய் சில மாதத்தில் மஞ்சளாகி இறுகி, கிளிப்பிலிருந்து தானாகக் கழன்றுவிடும். ரேடியேற்றர் ஹோஸ் சுடுதண்ணீரைத் தாங்கும், பெற்றோலில் ஊதிக் கூழாகும். ஊற்றும் கழுத்தில் தடிப்பு ஒத்துவருகிறதே என்று அதை மாட்டியிருக்கும் கார்கள் உண்டு. சமையல் காஸ் ஹோஸும் இதற்கு உதவாது.

கிளிப் வாங்கும்போது பட்டியில் துளை வெட்டிய சாதாரண வகையைத் தவிருங்கள். அந்தத் துளையின் விளிம்பு றப்பருக்குள் இறங்கி வெட்டும். உட்பக்கம் வழுவழுப்பாக, ஓரம் மேல்நோக்கி மடிந்த இன்ஜெக்ஷன் கிளிப்பைக் கேளுங்கள். ஹோஸின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற அளவு வேண்டும். பெரிய கிளிப்பை இறுக்கினால் முட்டை வடிவாகி ஒரு பக்கம் தளர்ந்தே இருக்கும். பழைய கிளிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு “மறுகா மாத்துவம் அண்ணன்” என்று சொல்லும் தம்பிமாரிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உப்புப் பிடித்த கிளிப்பின் திருகு இறுகும்போதே வழுக்கிவிடும்.

இவற்றோடு புதிய பில்டர், பான்ஜோ போல்ட் (பெற்றோல் உள்ளே போகத் துளையுள்ள போல்ட்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புதிய வாஷர், மூடி போட்ட உலோகக் கான், கையால் அமுக்கும் உறிஞ்சுபந்து, உலர்தூள் தீயணைப்பான், பற்றரியில் எரியும் எல்ஈடி தலைவிளக்கு, பாதுகாப்புக் கண்ணாடி, பைப் வெட்டும் கட்டர். உறிஞ்சுபந்து மீன்பிடி இயந்திரச் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும், படகு இஞ்சினுக்குப் பயன்படுவதேதான்.

4. இடமும் நேரமும்

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். ஆகவே கராஜ் குழிக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கதவு மூடிய கொட்டிலும் வேண்டாம். மரநிழலுள்ள திறந்த முற்றம் நல்லது.

சுற்றிலும் பாருங்கள். அடுப்பு, நுளம்புத்திரி, சாமி விளக்கு, தானாக இயங்கத் தொடங்கும் கிணற்று மோட்டர், குளிர்சாதனப்பெட்டி எல்லாம் தீப்பொறிக்கு இடம். வீட்டாரிடம் முதலே சொல்லிவிடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று ஆவியைக் கலைத்துவிடும், ஆனால் மணலைத் திறந்த பைப்புக்குள் கொண்டுபோகும். அந்த நாட்களில் காலை வேளையில் செய்வது நல்லது. இஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கவேண்டும்.

தொங்கவிடும் குண்டு பல்பு வேண்டாம். அதில் ஒரு துளி பெற்றோல் பட்டால் கண்ணாடி வெடித்து, உள்ளே இருக்கும் சூடான இழையே தீ மூட்டும். தீயணைப்பானோடு ஒரு வாளி உலர்ந்த மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எரியும் பெற்றோல் மேல் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவும்.

5. அழுத்தத்தை இறக்கி, பற்றரியைக் கழற்றுங்கள்

இந்த இரண்டும் இதே ஒழுங்கில். இன்ஜெக்ஷன் காரில் முதலில் தாங்கி மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை விடுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, பம்பின் றிலேயையோ பியூஸையோ கழற்றுங்கள். இஞ்சின் தானாக நின்றதும் இன்னொரு தரம் சில விநாடி சுற்றுங்கள். பற்றரியை முதலே கழற்றிவிட்டால் இதைச் செய்யமுடியாது, பைப்பில் அழுத்தம் அப்படியே நிற்கும். இஞ்சின் சூடு திரும்ப ஆறியபின் மற்ற வேலைக்குப் போங்கள்.

பற்றரியில் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மற்றப் பக்கத்தை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடம்புத் தகட்டில் முட்டினால் பெரிய பொறி பறக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பிளஸ் முனைதான் எர்த். கறுப்பு, சிவப்பு நிறத்தை நம்பாமல் எந்த வயர் உடம்பில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காரின் பற்றரிகள் இருக்கைக்குப் பின்னால், பம்புக்குக் கிட்ட இருக்கின்றன. பெற்றோல் சிந்தியபின் அங்கே வயர் கழற்றுவது ஆபத்து.

6. தாங்கியைக் காலியாக்குங்கள்

வாயால் உறிஞ்சவேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். உறிஞ்சுபந்தைப் பயன்படுத்தி, நிலத்தில் வைத்த உலோகக் கானுக்குள் எடுங்கள். கானைக் காருக்கு மேலோ பிளாஸ்ரிக் விரிப்பு மேலோ வைத்தால் நிலைமின் பொறி உண்டாகலாம்.

காலியான தாங்கியை ஆபத்தில்லாதது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது முழுக்க ஆவி. வெல்டிங் வேலை இருந்தால் அது இன்னொரு நாள், முறையாகக் கழுவியபின்.

பழுதான பெற்றோலை மணலில் ஊற்றவேண்டாம். எங்கள் கிணறுகள் ஆழமில்லாதவை, மணலில் ஊற்றியது தண்ணீருக்குப் போய்ச் சேரும். வாவிக்கும் வேண்டாம். மூடிய கானில், பெயர் எழுதி, பழைய ஒயில் எடுக்கும் கராஜிடம் கொடுங்கள்.

7. பழைய ஹோஸைக் கழற்றுதல்

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துத் தளர்த்துங்கள், மிஞ்சிய பெற்றோல் துணியில் இறங்கும்.

ஹோஸைக் குறட்டால் பிடித்து முறுக்கி இழுக்காதீர்கள். காபரேற்றரின் பித்தளை முனை அழுத்திப் பொருத்தியது, முறுக்கினால் தளரும். பிறகு அங்கிருந்தே கசியும், அது ஹோஸை இறுக்கினால் நிற்கிற கசிவு இல்லை. கூரான கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறி, உரித்து எடுங்கள். கத்தி அந்தப் பித்தளை முனையின் மேல் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு திறந்த வாயையும் உடனே மூடுங்கள். கழற்றிய துண்டுகளுக்கு இலக்கம் கட்டி வரிசையாக வையுங்கள். புதியது வெட்ட அவைதான் அளவு.

8. இரும்புப் பைப்பைப் பாருங்கள்

பைப்பை உடம்போடு பிடிக்கும் கிளிப் ஒவ்வொன்றையும் திறந்து அடியைப் பாருங்கள். ஈர மணலும் உப்பும் தங்குவது அங்கேதான். வெளியில் பெயின்ற் பளபளக்கும், கிளிப்புக்குள் பைப் பொருக்குப் பொருக்காக உரியும். நகத்தால் சுரண்டிக் குழி விழுந்தால் அந்தப் பைப் போகவேண்டியதுதான்.

முழு வழியையும் றப்பர் ஹோஸாலேயே இழுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். றப்பர் உராயும், கல் அடிக்கும், தொங்கும், எலி கடிக்கும். அசையும் பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் இடையில் மட்டும் றப்பர். மற்றதெல்லாம் உலோகம்.

ஏசி திருத்துபவரிடம் கிடைக்கும் செப்புப் பைப் கையால் வளையும் என்பதால் ஆசை வரும். ஆனால் செம்பு அதிர்வில் இறுகி ஒருநாள் வெடிக்கும். செம்பும் நிக்கலும் 90க்கு 10 கலந்த பைப் கிடைத்தால் அதுவே நல்லது. கப்பல்களில் கடல்நீர்க் குழாய்க்கே இந்தக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள், எங்கள் உப்புக்காற்று அதற்குப் பெரிதில்லை.

பைப்பைக் கட்டரால் வெட்டுங்கள். இரும்பு வாளால் அரிந்தால் பொடி உள்ளே தங்கி, காபரேற்றர் ஊசியில் போய்ச் சிக்கும். பெற்றோல் நிற்காமல் வழிவதற்கு அந்தப் பொடி போதும். வெட்டிய வாயின் உள்விளிம்பைச் சீவி, காற்றடித்து ஊதுங்கள். ரயர் கடைக் காற்று என்றால் முதலில் கம்பிரசரின் தண்ணீரை இறக்கச் சொல்லுங்கள். ஹோஸ் ஏறும் முனையில் சிறு வளைய மேடு எழுப்பவேண்டும். மேடு இல்லாத வழுவழுப்பான பைப்பில் கிளிப் எவ்வளவு இறுகினாலும் ஹோஸ் வழுக்கும்.

9. புதியதைப் பூட்டுதல்: தாங்கியிலிருந்து முன்னோக்கி

கடினமான இடம் தாங்கிப் பக்கம். தாங்கியை இறக்கவேண்டி வந்தால் இறக்குங்கள், மேல்பக்க ஹோஸ்களை மாற்ற அதுவே தருணம். பின்னாலிருந்து முன்னே வந்தால் நீளக் குறை ஏதும் இருந்தால் இஞ்சின் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் சரிசெய்யலாம்.

ஹோஸைக் கத்தியால் நேராக வெட்டுங்கள். கிளிப்பை முதலே ஹோஸில் கோத்துவிடுங்கள். முனையில் ஒரு துளி சுத்தமான இஞ்சின் ஒயில் தடவி, பைப்பின் மேட்டைத் தாண்டி 25 மி.மீ. உள்ளே ஏற்றுங்கள். கிறீஸ் வேண்டாம். கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்காரவேண்டும், மேட்டின் மேலோ ஹோஸின் விளிம்பிலோ அல்ல. றப்பர் கிளிப்பின் ஓரத்தில் மெல்லப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் உட்படலம் வெட்டுப்படும்.

இஞ்சின் மவுண்டில் ஆடும். ஆகவே இஞ்சினுக்குப் போகும் கடைசி ஹோஸில் சிறு தளர்வு வையுங்கள். எக்ஸோஸ்ட்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். தகட்டில் துளை வழியே போகும் இடத்தில் றப்பர் வளையம் கட்டாயம். வளைவு கூர்மையானால் ஹோஸ் மடிந்து அடைபடும், அங்கே வளைத்த உலோகத் துண்டு போடுங்கள்.

பில்டரில் அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்கவேண்டும். பிளாஸ்ரிக் பில்டரை எக்ஸோஸ்ட் மானிபோல்டுக்குக் கிட்ட வைக்காதீர்கள். இன்ஜெக்ஷன் காருக்கு உலோகப் பில்டர் மட்டும்.

10. இஞ்சினை ஓட்டாமல் கசிவு பாருங்கள்

தாங்கியில் ஐந்து லீற்றர் ஊற்றுங்கள். முதலில் மின்சாரமே இல்லாமல் தாங்கிப் பக்க இணைப்புகளைப் பாருங்கள். அங்கே நனைந்தால் பம்ப் தேவையில்லாமலே தெரிந்துவிடும். பிறகு பற்றரியைப் பூட்டுங்கள், இந்தத் தரம் எர்த் வயர் கடைசி.

ஒருவர் தீயணைப்பானோடு நிற்க, மற்றவர் சுவிச்சைப் போடட்டும். எஸ்.யு. பம்ப் வேகமாக டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் எங்கோ வெளியேறுகிறது, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் போதிய பெற்றோல் இல்லை. மெதுவாக இடையிடையே அடித்தால் சிறு கசிவு. இன்ஜெக்ஷன் காரில் சுவிச்சை சில தடவை போட்டு அணைத்து அழுத்தம் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை ரிசுத் தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத ஈரத்தை அது காட்டும். பழைய காரில் பழைய மணம் முற்றாகப் போக ஒரு நாள் எடுக்கும், ஆகவே மூக்கை மட்டும் நம்பவேண்டாம்.

எல்லாம் உலர்ந்திருந்தால் இஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் ஒற்றுங்கள். நின்றபின் இஞ்சின் சூடு மேலேறி ஹோஸ்களைச் சுடவைக்கும். குளிரில் கசியாத இணைப்பு அந்த நேரத்தில் கசியலாம். இந்தக் கடைசிப் பார்வையைத்தான் அவசரக்காரர் விடுகிறார்கள்.

11. முதல் ஓட்டமும் மறுபரிசோதனையும்

முதல் நாள் கல்லடி, காத்தான்குடி என்று அருகில் மட்டும் ஓடித் திரும்புங்கள். வந்ததும் கீழே பாருங்கள். அடுத்தது ஏ4 வீதியில் கல்முனைவரை போகலாம், வழிநெடுக ஊர்களும் கராஜ்களும் இருக்கின்றன. வாழைச்சேனை தாண்டிப் புணானை, வெலிக்கந்தைப் பக்கம் போகும் நீண்ட ஓட்டத்தை இந்தப் பரிசோதனை முடியும்வரை தள்ளிவையுங்கள்.

புதிய றப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் இஞ்சின் ஆறியதும் ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள், தளர்ந்ததை மட்டும் கால் சுற்று இறுக்குங்கள். தாங்கியை நிரப்பி ஒரு இரவு நிறுத்திவையுங்கள். ஊற்றும் கழுத்தும் மேல்பக்க ஆவி ஹோஸ்களும் அப்போதுதான் சோதனைக்கு வரும்.

நீண்ட நாள் நின்ற காராக இருந்தால் தாங்கியின் துரு ஓடத் தொடங்கியதும் கிளம்பும். பில்டரை முதல் மாதத்திலேயே ஒரு தரம் மாற்றுங்கள். மாற்றிய திகதியையும் ஹோஸின் தரக்குறியையும் ஒரு துண்டில் எழுதி பொனற்றுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழை பிடிக்குமுன் காரை உயர்த்தி, கிளிப்புகளின் அடியைத் திறந்து பாருங்கள்.